"இரண்டு கை போதவில்லை, டாக்டர்": பால் பம்ப், பாட்டில் தலையணை, பாலாடை – எதை வாங்குவது, எதை விடுவது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். வயது 29, முதல் குழந்தை, சிசேரியன். பாப்பாவுக்கு இப்போது 14 வாரம். பிறந்தபோது 2.8 கிலோ; போன வாரம் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டபோது 5.3 கிலோ. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான். கிண்டியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, அங்கே எண்பது பேர் இருக்கிறார்கள். 26 வார விடுப்பில் இரண்டு வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிட்டது. ஆக, இன்னும் பத்து வாரத்தில் வேலைக்குத் திரும்பவேண்டும். காலை எட்டு மணிக்கு மெட்ரோ ஏறினால் வீடு திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். கணவருக்கு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. பகலில் குழந்தையைப் பார்க்கப்போவது அத்தை, அதாவது கணவரின் அம்மா. அவருக்கு மூட்டுவலி.

சீட்டு எடுத்த பணத்தில் 15,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறார். போனில் ரீல்ஸ் பார்த்துப் பார்த்து ஒரு பட்டியலும் தயார்: உள்ளாடைக்குள் மாட்டிக்கொள்ளும் பம்ப், குழந்தை தானே குடிக்கும்படி பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும் தலையணை, முன்பக்கம் கட்டிக்கொள்ளும் கேரியர், மோட்டார் தொட்டில், ஸ்டெரிலைசர், பால் சூடாக்கும் கருவி. தோழி ஒருத்தி தான் பயன்படுத்திய பம்பைச் சும்மாவே தருகிறேன் என்கிறாள். கடன் வாங்கிய கைப் பம்பில் முயன்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிதான் வருகிறது. "எனக்குப் பால் பத்தவில்லை போல, இப்போதே பவுடர் பாலைப் பழக்கிவிடட்டுமா?" என்று கேட்கிறார். அத்தையோ, பாட்டிலே வேண்டாம், பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம். அது பழைய காலத்து வழக்கமாயிற்றே, புரையேறாதா என்று பயம். மேனேஜர், மதிய இடைவேளையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு வரி: "ராத்திரி எல்லோரும் தூங்கும்போது நான் மட்டும் உட்கார்ந்து அழுகிறேன். இரண்டு கை போதவில்லை, டாக்டர்."

அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன் அம்மா, மறக்கவில்லை. முதலில், நீங்கள் கவலைப்பட வேண்டாத விஷயத்தை முடித்துவிடுவோம்.

அந்த 30 மில்லி உங்கள் பாலின் அளவு இல்லை

பம்பில் வருவதை வைத்துப் பால் போதுமா போதாதா என்று முடிவுகட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. பாப்பா குடித்து முடித்த பிறகு எடுத்தால் 30 மில்லி என்பது சாதாரணமாக வருகிற அளவுதான். குழந்தை வாயால் உறிஞ்சும்போது நாக்கும் தாடையும் சேர்ந்து வேலை செய்கின்றன, உங்களுக்கும் அவளைப் பார்த்ததுமே பால் இறங்குகிறது. பம்பைப் பார்த்து அப்படி இறங்காது. அவசரமாக, "எவ்வளவு வருகிறதோ" என்று அளவுக்கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் இன்னும் குறையும்.

பால் போதுகிறதா என்று சொல்லவேண்டியது பாப்பாதான், அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். 14 வாரத்தில் இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறாள், அதாவது நாளைக்குச் சராசரியாக 25 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் நிறைவாகக் குடிக்கிறாள் என்று அர்த்தம். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறாளா என்று மட்டும் கவனியுங்கள், போதும்.

ஆகவே பவுடர் பாலைப் "பழக்கிவிட" வேண்டிய அவசியம் இப்போது எதுவும் இல்லை. பழக்கினால் என்ன ஆகும் என்றால், அந்த நேரத்துக்கு மார்பில் பால் அப்படியே தங்கும், தங்கினால் உடம்பு அடுத்த முறை குறைவாகச் சுரக்கும், அப்புறம் நிஜமாகவே பத்தாமல் போகும். பின்னால் ஏதோ காரணத்தால் பவுடர் பால் தேவைப்பட்டால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம், ஆனால் கலக்கும் முறை முக்கியம். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, டப்பா புதிதாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம். கேன் தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைப் போட்டுக் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும். சிக்கனம் பார்த்து ஒரு கரண்டி குறைத்துப் போடக்கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பவுடர் பாலுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்வது, இலவச சாம்பிள் கொடுப்பது எல்லாம் நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டவை. 2003இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ரீல்ஸில் ஒருவர் குழந்தையோடு சிரித்துக்கொண்டு பாட்டிலைக் காட்டி "லிங்க் கீழே இருக்கிறது" என்று சொன்னால், அதைப் பரிந்துரை என்று நினைக்காதீர்கள். அது வியாபாரம், அதுவும் சட்டம் அனுமதிக்காத வியாபாரம்.

பாட்டில் பிடிக்கும் தலையணை: வேண்டவே வேண்டாம்

உங்கள் பட்டியலில் நான் முதல் வேலையாக அடித்துவிடுவது இதைத்தான். மூட்டுவலியோடு இருக்கிற அத்தைக்கு உதவியாக இருக்குமே என்ற நல்ல எண்ணத்தில்தான் பார்த்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் அது என்ன செய்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறது. பாட்டில் நெஞ்சின் மேலோ கன்னத்தின் பக்கமோ நிலையாக நிற்கிறது. பால் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. வயிறு நிறைந்தாலும், இருமல் வந்தாலும், எதுக்களித்தாலும் இந்த வயதுக் குழந்தையால் பாட்டிலைத் தள்ளிவிட முடியாது. தலையைத் திருப்பினால் தலையணை தடுக்கும். விழுங்க முடியாத பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். சத்தமே இல்லாமல் மூச்சு திணறலாம். அப்படி உயிர் தப்பினாலும், நுரையீரலுக்குள் போன பால் நிமோனியாவில் கொண்டுவிடலாம். படுத்தபடியே குடிப்பதால் காதில் சீழ் பிடிப்பது, பல் முளைத்த பிறகு சொத்தை, இதெல்லாம் அப்புறம்.

பிரிட்டனில் பொருட்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அலுவலகம் 2022இல் இந்தத் தானே-குடிக்கும் தலையணைகளைப் பற்றி அவசர எச்சரிக்கை விட்டது. வைத்திருப்பவர்கள் உடனே பயன்பாட்டை நிறுத்தித் தூக்கிப்போடச் சொன்னது, கடைகளிலிருந்தும் எடுக்கச் சொன்னது. காரணம், தையல் சரியில்லை என்பதோ துணி மட்டம் என்பதோ அல்ல. அந்தப் பொருள் செய்யும் வேலையே ஆபத்து என்பதுதான். நம் ஊரில் இன்னும் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே கிடைக்கிறது. துணியைச் சுருட்டி பாட்டிலுக்கு முட்டுக் கொடுப்பதும் இதே கதைதான், அதற்குக் காசு செலவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நீங்கள் பால் எடுக்கும் நேரத்தில் உங்கள் கைக்கு ஓய்வு கொடுக்கிற எந்தப் பொருளும் எனக்குச் சம்மதம். குழந்தை குடிக்கும் நேரத்தில் மட்டும் ஒரு பெரியவரின் கை அவள் மேல் இருந்தே தீரவேண்டும். வாங்கும் எதையும் இதை வைத்து அளந்து பாருங்கள்.

மாட்டிக்கொள்ளும் பம்ப்: வாங்கலாம், ஆனால் தெரிந்து வாங்குங்கள்

பிரசவமான முதல் சில வாரத்தில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போது உங்களுக்குச் சுரப்பு நிலைப்பட்டுவிட்டது, அலுவலகத்தில் கணக்கு பார்த்துக்கொண்டே எடுக்க முடியும் என்பது நிஜமான வசதி. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சின்னது, ஆகவே பிளக்கில் மாட்டும் பம்ப் அளவுக்கு இழுவை பலவற்றில் இருக்காது. உள்ளே காம்பு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. குனிந்தால் சிலவற்றில் பால் சிந்தும், அரை மணி நேரம் எடுத்த பால் சேலையில் கொட்டினால் அழுகையே வரும். சார்ஜ் தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இதைவிடக் குறைந்த செலவில் அதே பலன் கிடைக்கிற வழி இருக்கிறது. குழாய் வைத்த, ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் எடுக்கும் சாதாரண மின்சார பம்ப் ஒன்று வாங்குங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்றில் காம்புக்கு நேராக இரண்டு சின்னத் துளை வெட்டி, ஓரம் பிரியாமல் தைத்துவிட்டால், புனலின் கழுத்து அதில் கச்சிதமாக நின்றுகொள்ளும். மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டால் இரண்டு கையும் உங்களுடையது. மூடிய அறை கிடைக்கும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அறையே கிடைக்காது, இருக்கையிலேயே உட்கார்ந்து எடுக்கவேண்டும் என்றால் மட்டும் மாட்டிக்கொள்ளும் வகைக்குப் போங்கள்.

எதை வாங்கினாலும் புனலின் அளவைப் பாருங்கள், பெட்டியில் ஃப்ளேஞ்ச் என்று போட்டிருக்கும். பெரும்பாலும் 24 மில்லிமீட்டரோ 28 மில்லிமீட்டரோ கூட வரும். அது எல்லோருக்கும் பொருந்தாது. பம்ப் ஓடும்போது காம்பு மட்டும் குழலுக்குள் தடையில்லாமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். குழலின் சுவரில் உரசிச் சிவந்தால் அளவு சின்னது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் சேர்ந்து உள்ளே இழுபட்டால் பெரிது. வலித்துக்கொண்டே எடுத்தால் பாலும் குறையும், புண்ணும் வரும். கடன் வாங்கிய கைப் பம்பில் உங்களுக்கு 30 மில்லியே வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இழுவையையும் தாங்க முடிகிற அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். வேகமாக இழுத்தால் அதிகம் வரும் என்பது உண்மையில்லை.

தோழி தரும் பம்ப்? அவள் மனசு நல்லது, ஆனால் யோசியுங்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒருவர் மட்டும் பயன்படுத்தவே செய்யப்பட்டவை. பாலோ அதன் ஈரமோ மோட்டார் வரை போக வழியிருக்கிற வகை என்றால், உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலும் வெளியே தெரியாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் மோட்டாருக்குள் சுத்தம் செய்ய முடியாது. அந்த வகையை வாங்காதீர்கள். பாலும் மோட்டாரும் ஒரு தடுப்பால் முழுக்கப் பிரிக்கப்பட்ட வகை என்றால், மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு, புனல், வால்வு, ரப்பர் தடுப்பு, பால் படும் கிண்ணம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். வால்வு தேய்ந்தாலே பாதி இழுவை போய்விடும். மாற்று வால்வு கிடைக்காத கம்பெனியின் பம்பைப் புதிதாகவும் வாங்காதீர்கள்.

கையால் பால் எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. சார்ஜ் இல்லாத அன்றைக்கு, மெட்ரோவில் வரும்போதே பால் கட்டிக்கொண்டு கல்லாக வலிக்கும் அன்றைக்கு அதுதான் காப்பாற்றும். கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, அப்புறம் விரல்களை ஒன்றை நோக்கி ஒன்று அழுத்தி விடவேண்டும். தோலை இழுத்துப் பீய்ச்சக் கூடாது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே, அங்கே செவிலியரிடம் கேட்டால் நேரில் காட்டிக்கொடுப்பார்.

எடுத்த பாலை எப்படிக் காப்பது

பெட்டிகளில் போட்டிருக்கும் கணக்கு நம் ஊர் வெயிலுக்குப் போட்டது இல்லை. எடுத்த பால் வெளியே நான்கு மணி நேரம் இருக்கலாம் என்பது 25 டிகிரி வரை உள்ள அறைக்குச் சொன்னது. அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டு அடுப்பங்கரையில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில், கதவில் அல்ல, நான்கு நாள் வரை இருக்கலாம். தனிக் கதவுள்ள ஃப்ரீசர் என்றால் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். உங்கள் வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் உள்ளே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நம்பவேண்டாம்.

அலுவலகத்திலிருந்து கொண்டுவர, சூடு புகாத சாப்பாட்டுப் பையும் நன்றாக உறைந்த இரண்டு ஐஸ் ஜெல் பையும் போதும். அப்படி வைத்தால் 24 மணி நேரம் வரை தாங்கும், கிண்டியிலிருந்து தண்டையார்பேட்டை வரை வருவது ஒரு பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். ஒரு டப்பாவில் 60 மில்லிக்கு மேல் வேண்டாம், அவள் மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும். மேலே ஆடைபோலப் பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மெல்ல சுழற்றினால் கலந்துவிடும். உறைந்த பாலை ஃப்ரிட்ஜில் வைத்து இளகவிட்டு, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடவேண்டும். மறுபடி உறையவைக்கக் கூடாது.

பெரிய சேமிப்பு எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் வேலைக்குப் போகும்போது பாப்பாவுக்கு 24 வாரம் ஆகியிருக்கும். ஆறு மாதத்துக்கு இரண்டே வாரம்தான் மிச்சம். அப்புறம் மசித்த இட்லி, குழைந்த பருப்பு சாதம், வாழைப்பழம் என்று பகலில் இரண்டு மூன்று வேளை ஆரம்பித்துவிடலாம், பால் கூடவே தொடரும். நீங்கள் இல்லாத பத்தரை மணி நேரத்துக்கு, மணிக்கு 30 முதல் 45 மில்லி என்று கணக்குப் போட்டால் சுமார் 315 முதல் 470 மில்லி வரை வரும். திரும்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்து காலையில் அவள் குடித்த பிறகு ஒரு தடவை மட்டும் எடுத்துப் பழகுங்கள். ரீல்ஸில் ஃப்ரீசர் நிறையப் பால் பைகளை அடுக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு ராத்திரியும் பகலும் பம்ப் பண்ணினால் தேவைக்கு மேல் சுரந்து, பால் கட்டி, காய்ச்சலில் போய் நிற்கும். மார்பில் ஓர் இடம் சிவந்து கட்டியாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பால் கொடுப்பதை நிறுத்தவேண்டியதில்லை.

ஃப்ரீசரை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கதவைத் திறக்காமல் வைத்தாலும் ஃப்ரிட்ஜின் குளிர் நாலு மணி நேரம்தான் நிற்கும். அந்த மாதிரி நாளில் நேரடியாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.

உங்கள் அத்தை சொல்வது பழசுமில்லை, தப்புமில்லை

பாலாடையைப் பழைய காலத்து வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றைக்கும் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் பாட்டிலைவிடக் கிண்ணத்தையே சிபாரிசு செய்கிறது. காரணம் எளிமையானது: பாட்டிலின் ரப்பரிலும் மூடியிலும் மூலை முடுக்கு அதிகம், பாலாடையில் கை போகாத இடமே இல்லை. ரப்பரில் சுலபமாக வந்து பழகிவிட்டு மார்பை மறுக்கும் தொல்லையும் இதில் இல்லை. பாத்திரக் கடையில் எவர்சில்வரில் கிடைக்கும், மூக்கின் முனை மழுங்கலாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சில வீடுகளில் குழந்தையைக் கால் மேல் மல்லாக்கப் போட்டு, கையை இறுக்கிப் பிடித்து, அழ அழ வாய்க்குள் ஊற்றுவார்கள். அதுதான் ஆபத்து, பாலாடை அல்ல. சரியான முறை இது: அத்தை சுவரில் சாய்ந்து வசதியாக உட்காரட்டும். முழு விழிப்பில் இருக்கும் பாப்பாவை மடியில் கிட்டத்தட்ட நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்துக்குப் பின்னால் ஒரு கையால் தாங்கிக்கொள்ளவேண்டும். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் மேல், வாயின் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்கவேண்டும். அவளே நாக்கை நீட்டி உறிஞ்சுவாள். விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த வாய். வாயை மூடிக்கொண்டாலோ முகத்தைத் திருப்பினாலோ போதும் என்று சொல்கிறாள், நிறுத்திவிடவேண்டும். முதல் நாட்களில் பாதி பால் கழுத்துத் துணியில்தான் போகும், பரவாயில்லை. நீங்கள் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பழக்குங்கள், கடும்பசி இல்லாத நேரத்தில். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். உங்கள் வாசனை இருக்கும்போது அவள் ஏன் பாலாடையில் குடிக்கவேண்டும்!

அத்தையிடமும் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர், தெருவில் சங்கில் ஊற்றி விற்கிற கழுதைப்பால், ஆறு மாதத்துக்கு முன் இது எதுவும் வேண்டாம். நீங்கள் கொடுக்கப்போவது மருமகளின் பால், அதற்கு மேல் மருந்து இல்லை.

அத்தைக்குப் பாட்டில்தான் சுலபம் என்று பின்னால் தோன்றினால் பாட்டிலும் கொடுக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, மெதுவாக இறங்கும் நிப்பிளோடு, குழந்தையை நிமிர்த்தி, பாட்டிலைப் படுக்கைவசமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி. எப்போதும் கையில் பிடித்து.

மீதிப் பொருட்கள்

ஸ்டெரிலைசரும் பால் சூடாக்கும் கருவியும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, மூடியுள்ள பாத்திரத்தில் மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டால் முடிந்தது. பாலை, சுடுதண்ணீர் ஊற்றிய சொம்புக்குள் டப்பாவை நிறுத்திச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, ஓரிடத்தில் கொதித்து ஓரிடத்தில் ஆறியிருக்கும், வாய் வெந்துவிடும்.

மோட்டார் தொட்டில் காசுக்குக் கேடு. நான்கு மாதத்தில் அவள் புரளத் தொடங்குவாள். தூளியோ தொட்டிலோ, விழித்திருக்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கச் சற்று நேரம் ஆட்டலாம். தாடை நெஞ்சில் இடித்துக் கழுத்து மடங்கியபடி தூங்கவிடக் கூடாது. தூக்கம் தட்டையான, கெட்டியான படுக்கையில், மல்லாக்க, தலையணை எதுவும் இல்லாமல். பால் கொடுக்க உதவும் வளைந்த தலையணையும் இதில் அடக்கம். சிசேரியன் தையலுக்கு அது இதம், ஆனால் அதன் மேல் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2021இல், குழந்தையைச் சாய்த்து வைக்கும் தலையணை ஒன்றை 8 குழந்தைகள் இறந்த பிறகு 30 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றார்கள். அந்தத் தொட்டில் பணத்தில் ஒரு நல்ல கொசுவலை வாங்குங்கள், நம் பகுதிக்கு அதுதான் முதல் தேவை.

கேரியர் பயனுள்ள பொருள். தொடைகள் அகன்று, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக, தவளை மாதிரி உட்காரும் வகையாகப் பாருங்கள்; கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல. முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். வெயில் காலத்தில் அடிக்கடி அவள் பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்து ஈரமாக இருந்தால் கழற்றிவிடுங்கள். கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்காதீர்கள். அதில் வைத்தபடி நடந்துகொண்டே பால் கொடுக்காதீர்கள். முக்கியமாக, அதைக் கட்டிக்கொண்டு கணவரின் பைக்கில் ஏறாதீர்கள். 2022இல் வந்த மத்திய அரசு விதி, பைக்கில் போகும் 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. உங்கள் பாப்பாவின் தலைக்கு ஹெல்மெட்டே கிடையாது. கன்டெய்னர் லாரிகள் ஓடும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் துணியில் கட்டிய குழந்தையோடு போகவேண்டாம். ஆட்டோ பிடியுங்கள்.

அலுவலகத்தில் கேட்கவேண்டியது

"மதிய இடைவேளையில் செய்துகொள்" என்பது உங்கள் மேனேஜர் காட்டும் கருணை இல்லை, சட்டம் கொடுப்பதைவிடக் குறைவு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான இடைவேளை போக, நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உங்கள் உரிமை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரவேண்டும், நாளைக்கு நான்கு முறை தாய் அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் எண்பது பேர். விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இரு தரப்பும் பேசி வீட்டிலிருந்து வேலை செய்யவும் சட்டத்தில் இடமிருக்கிறது. கணக்குப் பிரிவுக்கு வாரம் இரண்டு நாளாவது கேட்டுப் பாருங்கள்.

பம்ப் வைக்க ஓர் அறை என்று சட்டத்தில் தனி வரி இல்லை, ஆகவே சண்டையாக ஆரம்பிக்காமல் கடிதமாக ஆரம்பியுங்கள். திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் மூன்றே விஷயம் கேளுங்கள்: உள்ளே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் இடைவேளை, ஃப்ரிட்ஜில் ஒரு மூலை. கழிப்பறையில் போய் எடு என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உட்கார்ந்து யாரும் சாப்பிடமாட்டார்கள், அவளுக்கும் அது சாப்பாடுதான். எழுத்தில் மறுத்தால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். பெரும்பாலும் அதுவரை போகாது, எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் அறை கிடைத்துவிடுகிறது.

அப்புறம், அந்த அழுகை

ஒரு நாள் இரண்டு நாள் அழுவது வேறு. வாரக்கணக்காகத் தினமும் அழுகை, பாப்பா தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போவது, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, இது இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் அது உங்கள் பலவீனம் இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்தும் உண்டு. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

இந்தக் கடைசிப் பத்தியை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். தம்பி, பால் கொடுப்பது தவிர மற்ற எல்லாமே உங்களால் முடியும். நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் ராத்திரி அவள் அழுதால் தூக்கிவந்து மனைவியிடம் கொடுப்பது, குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் வரவைப்பது, துணி மாற்றித் தூங்கவைப்பது உங்கள் வேலை. தினமும் பம்ப் பாகங்களைத் தனிப் பாத்திரத்தில் கழுவி, கொதிக்கவைத்து, காயவைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். ஷிப்ட் மாறி பகலில் வீட்டில் இருக்கும் நாளில் அம்மாவின் மூட்டுக்கு ஓய்வு கொடுத்து, பாலாடையில் நீங்களே புகட்டுங்கள். இந்த வாரமே அம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள், பத்து வாரம் சீக்கிரம் ஓடிவிடும்.